ஷைனியின் அம்மாவுக்குப் பேச வராது

1

இந்தக் கதை எனக்கு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போகிற பஸ், பள்ளிக்கூடம் விட்ட நேரம். எனக்கு முன் சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு சிறுமிகள். ஒருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவளிடம் சொன்னாள்:

"எங்கம்மாவுக்குப் பேச வராதுன்னு மிஸ்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஊமைன்னு. ஆர்ட்டயும் சொல்லிராத."

"உங்கம்மா நல்லாத்தான பேசுவாங்க?"

"இங்கிலீஸ் பேசத் தெரியாதுலா."

அவ்வளவுதான். முருகன்குறிச்சியில் இரண்டு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். சொன்னவளின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. வண்ணார்பேட்டையில் இறங்க வேண்டிய நான், பாலம் தாண்டி ஜங்ஷன் வந்த பிறகுதான் எழுந்தேன்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயம். அந்த அம்மா என்றைக்காவது அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவாளே, போய் வாயைத் திறப்பாளே, அப்போது அந்தப் பிள்ளை என்ன செய்யும்? யார் வீட்டுப் பிள்ளையோ, எனக்கென்ன வந்தது என்று இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை. பயம் மட்டும் நிஜம்.

2

முதல் வரிக்குத்தான் பெரிய பாடு.

"பாபநாசத்தில் தரை தொடும் தாமிரபரணி, வழியெல்லாம்…" (ஆற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால் கதை கடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.)

"மால்டா, மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு சிறிய…" (பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. இதுவும் போகட்டும்.)

"சாலோமி பள்ளிக்கூட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்."

இது நிற்கும் என்று தோன்றுகிறது. சாலோமி, வயது முப்பத்தெட்டு. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் வீடு. தாவரவியல் பட்டதாரி. கணவர் கிருபைராஜ் வள்ளியூரில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் ஷைனி, ஆறாம் வகுப்பு. புதுப் பள்ளிக்கூடம், பெற்றோர் கூட்டத்துக்கு சாலோமி போனது அதுதான் முதல் தடவை. அங்கே பெற்றோரிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, எல்லோரும் அப்படியே செய்கிறார்கள்.

வகுப்பாசிரியை பியூலா மிஸ் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி: ஷைனி வீட்டில் படிக்கிறாளா? சாலோமிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பதிலும் மனதுக்குள் தயார். ஆனால் வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மிஸ் அதே கேள்வியை மெதுவாகக் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாலோமி சிரித்தாள், தலையாட்டினாள், கையால் ஏதோ சைகை காட்டினாள், எழுந்து வந்துவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் ஷைனி சொன்னாள்: "இனிமே நீ வராண்டாம்மா. அப்பா வரட்டும்."

பிள்ளை கோபத்தில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஷைனி அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு, அக்கம்பக்கம் யாருக்கும் கேட்காமல் சொன்னாள். சாலோமி அன்றைக்கு ராத்திரிச் சமையலில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

(மறுநாள் வகுப்பில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிஸ் ஷைனியைத் தனியே கூப்பிட்டு, அம்மாவுக்குப் பேச வராதா கண்ணு என்று பரிவாகத்தான் கேட்டார். ஷைனி ஒரு நொடி யோசித்தாள். பிறகு, ஆமா மிஸ், பிறவியிலேயே ஊமை, என்றாள். சாலோமிக்கு இது தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியும். கதை முழுக்க இதுதான் நம் தொல்லை.)

3

இங்கே எனக்கு சாலோமி மேலேயே சந்தேகம் வந்தது. பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு. அதை விட்டுவிட்டு ஒருத்தி கடல் தாண்டிப் போவாளா? வாசகர் நம்புவாரா? அவளிடமே கேட்டேன்.

"இங்கன கிளாஸ் எடுக்குத டீச்சர் எங்க சர்ச்சு குவயர்ல பாடுதாங்க" என்றாள். "நான் திக்குனது ஞாயித்துக்கிழம முன் பெஞ்சுக்குத் தெரிஞ்சிரும். வாரவ போறவல்லாம் எங்கிட்ட இங்கிலீஸ்ல நலம் விசாரிப்பா. அதுக்கு நாண்டுக்கிட்டுச் சாவலாம்."

நம்பினேன். மால்டாவில் அவள் தங்கச்சி ஜெசி நர்ஸாக இருக்கிறாள். போனில் அழைத்ததும் அவள்தான்.

"அக்கா, எந்தெந்த ஊர்ல இருந்தெல்லாமோ இங்கிலீஸ் படிக்கன்னே இங்கன வாராங்க. நீயும் வா, என் ரூம்ல தங்கிக்கிடு. இங்கன உன்னய ஆருக்கும் தெரியாது. தப்பாப் பேசுனாலும் கேக்க நாதி கிடையாது."

கிருபைராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏளா, இங்கிலீஸ் படிக்கவா பிளேன் ஏறப்போற? ஊர்ல கேட்டா என்னன்னு சொல்ல?"

"தங்கச்சியப் பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க."

அவர் மறுபடியும் சோற்றைப் பிசையத் தொடங்கினார். "சரி, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். போயிட்டு வா" என்றார். ஆள் அப்படித்தான், கேள்வி கேட்பார், குறுக்கே நிற்க மாட்டார்.

விமானம் ஏறுவதற்கு முன் நான் சாலோமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாம். எழுதுகிற ஆளுக்கு அந்த அதிகாரம் உண்டு. சொன்னால் அவள் போக மாட்டாள், ஒடிந்துபோய் வீட்டிலேயே இருந்துவிடுவாள். சொல்லாமல் அனுப்பினேன். அனுப்பிவிட்டு அவளைவிட அதிகமாக நடுங்கினேன்.

4

(ஒரு விஷயம். ஆங்கிலத்தைப் பற்றிய இந்தக் கதையில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூட வராது. எழுதினால் அதில் நீங்கள் தப்புக் கண்டுபிடிப்பீர்கள். எல்லோரையும் போல எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆகவே மால்டாவில் எல்லோரும் தமிழிலேயே பேசுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மஞ்சள் கல் வீடுகள், தெருவை எட்டிப் பார்க்கும் மர பால்கனிகள், எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் கடல். ஊர் அழகாகத்தான் இருந்தது. சாலோமிக்கு அது கண்ணில் படவில்லை. காலையில் வரும் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பாள். ஒருநாள் நிறுத்தத்திலேயே வாந்தி எடுத்தாள். ஜெசி சேர்த்துவிட்ட ஆங்கில வகுப்பில் கடைசி நாற்காலி, காதெல்லாம் சூடு, யார் கூப்பிட்டாலும் பழையபடி சிரிப்பும் தலையாட்டலும்தான்.

பிறகு ஒரு நாள் வாத்தியார், ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்கு எதைக் கண்டால் பயம் என்று சொல்லச் சொன்னார். ஜப்பான் பெண் தொலைபேசி மணி என்றாள். பிரேசிலில் இருந்து வந்த பல் டாக்டர், ரத்தம் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். சாலோமி எழுந்தாள். சுவரைப் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை, பின்னால் வரிசையில் நிற்க ஆளும் இல்லை.

"எனக்கு என் மகளைக் கண்டால் பயம்" என்றாள்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. அந்த நாற்காலி, அந்தக் கேள்வி, கேட்டுக்கு வெளியே பிள்ளை தரையைப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னாள். வழியெல்லாம் இலக்கணம் நொறுங்கி விழுந்தது. துருக்கியிலிருந்து வந்த தோல் வியாபாரி, தனக்கும் தன் மகனைக் கண்டால் அப்படித்தான் என்றார். அவர் இலக்கணம் இவளுடையதைவிட மோசம். சாலோமி உட்கார்ந்தபோது அவளுக்குப் பசித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அதன்பின் மீன்கடையில் பேரம் பேசினாள். நிறுத்தாமல் போன பஸ் டிரைவரை மறுநாள் பிடித்துச் சண்டை போட்டாள். ஜெசி கைதட்டிச் சிரித்தாள். ஷைனியிடம் மட்டும் சாலோமி இதைச் சொல்லவில்லை, நேரில் காட்ட வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தாள்.

"எப்பம்மா வருவ?" என்று ஷைனி போனில் கேட்டாள்.

"அடுத்த மாசம்ளா. உங்க ஸ்கூல் மீட்டிங்குக்கு வந்திருவேன்."

ஷைனி அவசரமாகச் சொன்னாள்: "வராண்டாம்மா. அப்பா வந்தாப் போதும். நீ பைய வா."

"என்னய அலைக்கழிக்கக் கூடாதுன்னு நெனைக்கு, பாத்தியா" என்று சாலோமி ஜெசியிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த இடத்தை எழுதிவிட்டு நான் நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டேன்.

5

அவள் அங்கே பேசப் பேச, இங்கே காரியம் கெட்டுக்கொண்டே வந்தது.

பியூலா மிஸ் நல்லவர். நல்லவர்களால் வரும் ஆபத்தை எழுதுவதுதான் கஷ்டம். ஷைனியின் அம்மாவை அவர் காலை ஜெபத்தில் சேர்த்துவிட்டார். தினமும் பள்ளி முழுக்கக் கண்ணை மூடி, "ஷைனியின் தாயாருடைய நாவின் கட்டை அவிழ்த்தருளும்" என்று மன்றாடும். வரிசையில் நிற்கும் ஷைனியும் கண்ணை இறுக மூடி ஆமென் சொல்வாள். ஒரு சின்னப் பொய், அதற்குத் தினமும் ஒரு பள்ளிக்கூடமே ஆமென் போட்டால் எவ்வளவு பெரிதாக வளரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடுவில் கிருபைராஜ் ஒரு தடவை பள்ளிக்குப் போனார். "உங்க மிஸஸுக்காக டெய்லி ஜெபிக்கிறோம் சார்" என்றார் மிஸ்.

எங்கள் ஊரில் ஒருவர் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றால், எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு. வெளிநாடு போயிருப்பவளுக்காக ஜெபிக்கிறார்கள் என்று கிருபைராஜ் நினைத்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசம் மிஸ். விடாம ஜெபிங்க. எல்லாம் உங்க ஜெபத்துலதான் நடக்கணும்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். மிஸ்ஸுக்கு அதுவே அத்தாட்சியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற ஷைனி குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

6

கூட்டத்து நாள். ஷைனிக்குக் காய்ச்சல் வரவைத்துவிடலாமா என்று பார்த்தேன். அப்படிச் செய்தால் சாலோமி தனியாகப் போவாள், அது இன்னும் மோசம். சாலோமியை மழையில் நனையவைத்துப் பார்த்தேன். குடை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மால்டாவுக்குப் போய்விட்டு வந்தவளை இனி நான் தடுக்க முடியாது.

வராந்தாவில் ஷைனி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, உள்ள போயி ஒண்ணும் பேசாத."

"ஏம்ளா?"

"பேசாதம்மா. உன் கால்ல விழுதேன்."

சாலோமி குனிந்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "பயப்படாத. அம்மா இப்பம் நல்லாப் பேசுவேன். நீயே பாரு."

ஷைனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

பியூலா மிஸ் இவளைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அல்ல, தமிழில், உதட்டை நன்றாக விரித்து, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகச் சொன்னார்: "நாங்க… தினமும்… உங்களுக்காக… ஜெபிக்கிறோம்." தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "கர்த்தர்… உங்களைப் பேச… வைப்பார்."

சாலோமி தயாராக வைத்திருந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஷைனி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. சாலோமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சேலையை இழுத்தது, பைய வா என்றது, எல்லாம்.

7

முடிவு அ: சாலோமி கடகடவென்று ஆங்கிலத்தில் பேசுகிறாள். மிஸ்ஸின் கை நழுவுகிறது. மிஸ் மெதுவாக ஷைனி பக்கம் திரும்புகிறார். ஷைனி

(இதற்கு மேல் எழுத வரவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை. நாளைக் காலை ஜெபத்தில் அவள் எந்த முகத்தோடு நிற்பாள்?)

முடிவு ஆ: சாலோமி பேசவில்லை. சிரிக்கிறாள், தலையாட்டுகிறாள், நெஞ்சில் கைவைத்து நன்றி காட்டிவிட்டு வருகிறாள். ஷைனி பிளஸ் டூ முடிக்கும்வரை அந்த கேட்டுக்குள் அவள் ஊமை. பாளையங்கோட்டை என்ன பெரிய ஊரா? மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை கேட்கவும் நாலு பக்கம் பார்க்க வேண்டும். இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். "தாய்ன்னா இப்படில்லா இருக்கணும்" என்று உருகிப்போனார். அந்த நிமிஷமே இந்த முடிவைக் கிழித்தேன்.

முடிவு இ: சாலோமி ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறாள். மிஸ் அல்லேலூயா என்று அலறுகிறார். தலைமையாசிரியை ஓடி வருகிறார். அற்புதம்! நாளைக்கே மொத்தப் பள்ளிக்கு முன்னால் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். பிள்ளை தப்பித்தது, தாய்க்கு மேடை, எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. சாலோமிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேற என்ன வேணும்னாலும் எழுதுங்க. ஆண்டவர் பேரச் சொல்லிப் பொய்ச்சாட்சி சொல்ல என்னால ஏலாது."

"அப்போ பிள்ளை மாட்டிக்கொள்ளுமே?"

"பிள்ளைக்கு இந்தப் பயத்தக் குடுத்ததே நாந்தான். நானே பேசிக்கிடுதேன்."

8

ஆக, அவள் பேசத்தான் போகிறாள். சொல்லப்போவது என்ன என்றும் எனக்குத் தெரியும்: "மிஸ், எனக்குப் பேச வரும். அன்றைக்குப் பயத்தில் வாயடைத்துவிட்டேன். என் பிள்ளை அதைவிடப் பெரிய பயத்தில் உங்களிடம் பொய் சொல்லிவிட்டாள். அவளை ஒன்றும் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள்." ஆங்கிலத்தில்தான் சொல்லுவாள். ஒன்றிரண்டு தப்பு வரும்.

இது பிள்ளையைக் காப்பாற்றுமா, கெடுக்குமா? கேட்கிற ஆளைப் பொறுத்தது. பியூலா மிஸ்ஸின் மனதுக்குள் போய்ப் பார்க்க முயன்றேன். எனக்குத் தைரியம் போதவில்லை, அதனால் அவரை அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன். நாற்காலி காலியாக இருக்கிறது. அவர் இடத்தில் நீங்கள் வந்து உட்காருங்கள்.

உட்கார்ந்துவிட்டீர்களா? சாலோமியின் கைகள் இப்போது உங்கள் கைக்குள் இருக்கின்றன, ஜில்லென்று. வெளியே வரிசை காத்திருக்கிறது. ஷைனி கண்ணைத் திறந்துவிட்டாள். அம்மாவை அவள் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.

சாலோமி பேசத் தொடங்குகிறாள்.