பதினோரு நிமிடச் சிரிப்பு

ஹெலனிடம் குறை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. சிரிப்பு. சிரிப்பது ஒரு குறையா என்று கேட்காதீர்கள். இவளுக்கு வருவது சிரிக்கக்கூடாத இடமாகப் பார்த்து வருகிற சிரிப்பு. கல்யாணத்தன்று சர்ச்சில் போதகர் "சுகத்திலும் துக்கத்திலும்" என்று ஆரம்பிக்க, மாப்பிள்ளை மோசஸின் கோட்டுப் பையில் இருந்த போனில் சேவல் கூவியது. பெண் சிரித்த சிரிப்பில் போதகர் புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பெரிய மாமனார் அடக்கத்தில் ஜெபம் பண்ணியவருக்கு விக்கல் எடுத்தது. அங்கேயும் சிரித்துவிட்டு, ஊர் வாய்க்குப் பயந்து, அழுகிறவள் மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சிரிப்புதான் இப்போது பதினான்கு வருட வேலைக்கே உலை வைத்திருந்தது.

வேலை மறைமலைநகரில். கார்க் கதவுக்குள் போகிற ஒயர்களைக் கொத்தாகக் கட்டி அனுப்பும் கம்பெனி. ஹெலன் அங்கே குவாலிட்டி. கட்டி முடித்த ஒயரைச் சோதனைப் பலகையில் மாட்டிப் பட்டனை அமுக்கினால், மேலிருந்து கிளாம்ப் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் பச்சை விளக்கு எரிந்து, 'ஓகே' என்று லேபிள் வரும். சரியில்லாததற்கு ஹெலன் தன் கையால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அவள் சிவப்பு ஒட்டியதை இன்றுவரை யாரும் பச்சையாக்கியது கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன மாதம் வெளியூரிலிருந்து விருந்தாளிகள் ஆறு பேர் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். அழைத்து வந்தவர் பிளாண்ட் மேனேஜர் தீனதயாளன். 'கழுத்தில் எதுவும் தொங்கக்கூடாது' என்று லைன் முழுக்க போர்டு மாட்டியவரே அவர்தான். அன்றைக்கு அவர் கழுத்தில் மட்டும் பட்டு நாடாவில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகம் பரிசாகக் கொடுத்த நாடா, விருந்தாளிகள் பார்க்க வேண்டாமா? ஹெலனின் பலகைக்கு முன்னால் குனிந்து, "காலிப் பலகைக்கு இந்த மிஷின் ஓகே சொல்லவே சொல்லாது, பாருங்க" என்று பட்டனை அமுக்கினார். கிளாம்ப் இறங்கி நாடாவைக் கெட்டியாகப் பிடித்தது. நாடாவின் இரும்புக் கொக்கி பலகையில் கரண்ட் பாயும் எந்த முள்ளில் பட்டுத் தொலைத்ததோ, பச்சை விளக்கு எரிந்தது. லேபிளும் வந்தது.

ஹெலன் சிரித்தாள். அதைக் கேட்டு அடுத்த மேஜை துர்காதேவி சிரித்தாள். பிறகு லைனில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். கிளாம்பைத் திறக்கிற சாவி எங்கே என்று தேடினால், அது மேனேஜரின் நாடாவிலேயே, கிளாம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. "யாரும் தொடாதீங்க, மெயின்டனன்ஸ் வரட்டும்" என்றார் எச்.ஆர். கோபாலகிருஷ்ணன். மெயின்டனன்ஸ் டீ குடிக்கப் போயிருந்தது. பத்து நிமிடம் ஒரு பிளாண்ட் மேனேஜர் பலகையைக் கும்பிட்டபடியே நின்றார். அவர் காது சிவந்துபோனதைப் பார்த்ததும் ஹெலன், கண்ணில் தண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினாள்.

மறுவாரம் சார்ஜ் ஷீட் வந்தது. ஒழுங்கீனமாகச் சிரித்து உற்பத்தியைப் பதினோரு நிமிடம் நிறுத்தியது ஒன்று. கம்பெனி உடைமையான நாடாவைச் சேதப்படுத்தியது இன்னொன்று.

கோபாலகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். வந்த டீயை ஹெலன் தொடவில்லை, எச்.ஆர். ரூமில் காரணமில்லாமல் டீ வராது.

"பாருங்கம்மா, விசாரணைன்னு போனா டிஸ்மிஸ் வரைக்கும் போகும். அப்புறம் இந்த ஏரியாவுல ஒரு கம்பெனியும் உங்கள சேத்துக்காது. நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா நல்ல பேரோட போகலாம். லெட்டர் நானே அடிச்சு வெச்சிருக்கேன், கையெழுத்துதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

ஹெலன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பூஞ்சேரியில் வீடு. மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்த மோசஸ் முழுக் கதையையும் கேட்டான்.

"இதுல யோசிக்க இன்னா கீது? போயி நின்னு நடந்தத சொல்லு. நீ இன்னா திருடுனியா?"

"யோவ், உனக்குப் புரியல. நான் திருடியிருந்தாக்கூட தைரியமா போயிருப்பேன்யா. அங்க அந்தாளு எதிர்ல குந்துவாரு. நாடாவப் பத்தி பேசுவாங்க. எனக்குச் சிரிப்பு வந்துட்டா?"

சேவல் கூவிய கல்யாணம் மோசஸின் கண்முன் வந்திருக்க வேண்டும். சிரித்த குற்றத்துக்கு விசாரணை. அந்த விசாரணையிலும் சிரித்தால் தீர்ப்பு எழுதக்கூட வேண்டாம்.

"பயிற்சி எடுப்போம்டி" என்றான்.

தன் கழுத்தில் துண்டைக் கட்டி, மறுநுனியைக் கிரைண்டர் கைப்பிடியில் முடிந்து, குனிந்து நின்று, "காலிப் பலகைக்கு இந்த மிஷின் ஓகே சொல்லவே சொல்லாது" என்றான். ஹெலன் மூன்று விநாடி தாங்கினாள். அதற்கப்புறம் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஐந்து விநாடி. அதற்கு மறுநாள், மோசஸ் துண்டைக் கட்டிக் கிரைண்டரில் முடிந்ததுமே சிரித்துவிட்டாள்.

"நான் ராஜினாமாவே குடுத்துடறேன்யா" என்றாள், சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபடி. துடைத்த கண் மறுபடி நனைந்தது. இந்த முறை சிரிப்பால் இல்லை. பதினான்கு வருடம் விடியுமுன் எழுந்து ஓடிய ஓட்டம் இப்படியா முடிய வேண்டும்? மோசஸ் கழுத்தில் துண்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கிரைண்டரை அவிழ்க்க மறந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை, கம்பெனி பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டி செங்கல்பட்டு பக்கம் திரும்புகிறபோது, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று ஹெலன் கடிதத்தை மடியில் விரித்தாள். பக்கத்து சீட்டில் துர்காதேவி. பேனாவைத் திறந்துவிட்டுத்தான் முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தாள். 'எனது சொந்தக் காரணங்களுக்காக, முழு விருப்பத்துடன்' என்று இருந்தது.

"துர்கா, எனக்கு இன்னா சொந்தக் காரணம் கீது?"

"ஒண்ணும் இல்லக்கா."

"முழு விருப்பமாம்."

"அதுவும் இல்லியேக்கா."

ஹெலன் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், ஒயரைப் பார்க்கிற அதே பார்வை. இரண்டு இடத்தில் பழுது. தெரிந்தே இதை எப்படி அனுப்புவது? பையில் கைவிட்டுச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பட்டென்று ஒட்டினாள். துர்காதேவி 'ஐயையோ' என்றாள். ஹெலனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை ஜிவ்வென்று ஏறியது. பயமா, சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. எச்.ஆர். மேஜையில் வந்து விழுந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு கோபாலகிருஷ்ணன் விசாரணைக்குத் தேதி குறித்தார். டீயும் வரவழைக்கவில்லை.

விசாரணை செங்கல்பட்டில், கோர்ட்டுக்குப் பக்கத்தில், வக்கீல் ராஜாராமின் ஆபீஸ் மாடியில். கம்பெனி நியமித்த விசாரணை அதிகாரி அவர். சிரித்துப் பல வருடம் ஆன முகம். ஹெலனுக்கு அந்த முகம் பெரிய ஆறுதலாக இருந்தது. மோசஸ் கீழே ஆட்டோவிலேயே இருந்தான். மனைவி கையில் நாலு கிராம்பைக் கொடுத்து, "நாக்குக்கு அடியில வெச்சுக்க. எரியறதுல சிரிப்பு வராது" என்று அனுப்பியிருந்தான். துணைக்கு ஒரு சக ஊழியர் வரலாம் என்பதால் துர்காதேவி கூடவே வந்தாள்.

"கேள்வியும் எழுதப்படும், பதிலும் எழுதப்படும். இந்த ரூம்ல நடக்கிறது எல்லாமே எழுதப்படும்" என்றார் ராஜாராம். "பக்கத்துக்குப் பக்கம் எல்லாரும் கையெழுத்துப் போடணும். டைப் பண்றது அந்தப் பொண்ணு, பேரு வேண்டா."

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வேண்டா தலையாட்டினாள்.

தீனதயாளன் தன் சாட்சியத்தை ஒப்பித்தார். ஹெலன் சிரித்தார், லைன் நின்றது, நாடாவை வெட்டினார். மூன்றே வாக்கியம். மிஷினையும் கிளாம்பையும் பற்றி மூச்சில்லை.

"நீங்க குறுக்கு விசாரணை பண்ணலாம்மா" என்றார் ராஜாராம்.

"நானா?"

"நீங்கதான். நீங்க கேக்கலாம், அவர் பதில் சொல்லியாகணும்."

பதினான்கு வருடத்தில் ஹெலன் மேனேஜரிடம் கேட்டதெல்லாம் "லீவு கெடைக்குமா சார்" ஒன்றுதான். இப்போது அவள் கேட்பாளாம், அவர் பதில் சொல்லியாக வேண்டுமாம், அதை ஒருத்தி டைப் வேறு அடிப்பாளாம். கிராம்பைக் கடித்துக்கொண்டாள்.

"சார், நான் சிரிக்கறதுக்கு முன்னாடி லைன் ஓடிகினு இருந்துச்சா, நின்னுடுச்சா?"

தீனதயாளன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோபாலகிருஷ்ணனைப் பார்த்தார். கோபாலகிருஷ்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

"நின்னுடுச்சு. கிளாம்ப் தப்பாப் பிடிச்சா லைன் தானா நின்னுடும்."

"பட்டன அமுக்குனது யாரு சார்?"

"நான்தான்."

டைப் சத்தம் கேட்டது. ஹெலனுக்குத் தைரியம் வந்தது.

"நாடாவ வெட்டும்போது வேணாம்னு சொன்னீங்களா சார்?"

தீனதயாளன் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய்த் தடவிக்கொண்டார்.

"சொல்லல. கழுத்து வலிச்சுது, கொஞ்சம் பயமாவும் இருந்துச்சு. சுத்தி அத்தனை பேர் நின்னாங்க. இந்தம்மா மட்டும்தான் வந்தாங்க. சிரிச்சிக்கிட்டேதான் வந்தாங்க. ஆனா வந்தாங்க."

கோபாலகிருஷ்ணன் இருமினார். வேண்டா இருமலை விட்டுவிட்டு மற்றதை அடித்தாள். ஹெலனுக்குச் சிரிப்பு வரவில்லை. தீனதயாளனைப் பார்க்க முதல் தடவையாகப் பாவமாக இருந்தது; இத்தோடு எழுந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கேட்காமல் விட முடியாத கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. குறும்புக்காக அல்ல, சத்தியமாக வேலைக்காகத்தான் கேட்டாள். அன்றைய கணக்கில் ஒரு பீஸ் அதிகம் காட்டுகிறது, பொருள் எங்கே என்று ஸ்டோர்ஸ்காரர்கள் மூன்று வாரமாக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியா ஒண்ணு சார். கிளாம்ப் புடிச்சதும் லேபிள் வந்துச்சே. அதுல இன்னா போட்டிருந்துச்சு?"

"இடது கதவு ஒயரிங்" என்றார் தீனதயாளன், மெதுவாக. "ஓகே."

"அந்த ஓகே ஆன பீஸு இப்ப எங்க கீது சார்? ஸ்டோர்ஸ்ல தேடிகினே கீறாங்க."

தீனதயாளன் மேஜையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் ஹெலனைப் பார்த்தார்.

"இதோ, இங்கதான் உக்காந்திருக்கேன்."

முதலில் வெடித்தது ராஜாராம். மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணாடி கழன்று விழுந்தது. வேண்டா கீபோர்டு மேலேயே கவிழ்ந்தாள். துர்காதேவிக்கு மூச்சு வாங்கியது. தீனதயாளன் சிரித்த சிரிப்பில் அவர் நாற்காலி கிறீச்சிட்டது. அடக்கு அடக்கு என்று அடக்கிய கோபாலகிருஷ்ணனுக்கு மூக்கு வழியாக வந்தது. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் "இடது கதவு" என்பார், மறுபடி ஆரம்பமாகும்.

ஒரு வழியாக ராஜாராம் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுதும்மா. பகல் பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டு இருபத்தொண்ணு வரைக்கும் விசாரணை நிறுத்தப்பட்டது."

"காரணம் இன்னா சார் போடட்டும்?" என்றாள் வேண்டா.

"தொழில்நுட்பக் கோளாறுன்னு போடலாமே சார்" என்றார் கோபாலகிருஷ்ணன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"சிரிப்புன்னு போடுங்க" என்றார் தீனதயாளன். "கீழேயே, கம்பெனி இந்தக் குற்றச்சாட்ட விட்டுடுதுன்னு ஒரு வரி சேத்துக்கோங்க. இல்லாட்டி எனக்கும் ஒரு சார்ஜ் ஷீட் குடுக்கணும்."

"யாரெல்லாம் சிரிச்சாங்கன்னு போடட்டும் சார்?"

ராஜாராம் அறையை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஹெலனிடம் வந்து நின்றார். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் முட்ட, வாயை இறுக மூடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர அனைவரும்."

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஹெலன் போட்ட கையெழுத்து மட்டும் மேலும் கீழுமாக ஆடிப்போயிருந்தது. துர்காதேவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, மாடிப்படியில் நாலு படி இறங்கினாள். அதுவரைதான் தாங்கியது.

கீழே ஆட்டோவில் இருந்த மோசஸுக்கு அந்தச் சத்தம்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. போச்சு, சிரித்துவிட்டாள் என்று மேலே ஓடினான். படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"வுடுடி, பரவால்ல. வேல போனா போவுது. நீ சிரி. நான் கீறன்ல?"

இல்லையென்று சொல்ல ஹெலன் கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள், பேச்சு வரவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். துர்காதேவிதான் சொன்னாள்.

"அண்ணே, நாளைக்கு அஞ்சே முக்காலுக்கு பஸ்ஸு. அக்காவ எழுப்பி வுட்டுடுங்க."