சோதனைக்குப் போன தண்ணீர்

ரத்தினம்மா பாறையிலிருந்து விழும் பீலித் தண்ணீரைச் சட்டியில் பிடித்து அடுப்பில் ஏற்றி, தளதளவென்று கொதிக்கவிட்டாள். மடுல்கெல்லவில் மூன்று நாளாக மழை. பீலி கலங்கித்தான் ஓடியது.

தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் ஆறு பேருக்குக் காய்ச்சல். அவள் மகள் சீதா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். பீலிக்கு மேலே மேட்டில் தோண்டிய கக்கூஸ் குழிதான் காரணம் என்று லயமே சொன்னது. சோதனைக் கடுதாசியில் கிருமி என்று வந்தால்தான் பங்களாவின் தண்ணீர்த் தாங்கியிலிருந்து குழாய் தருவேன் என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லிவிட்டார். போத்தலைத் தந்த மிட்வைஃப் நோனா, பீலித் தண்ணீரை நிரப்பிப் பேராதனையில் கொடு என்றாள், அவ்வளவுதான். கொதிக்க வைக்காமல் யாருக்கும் கொடுக்காதே என்று ஒரு மாதமாக ஓதியவளும் அவளேதான். படித்தவர்கள் கைக்குப் போகிற தண்ணீரைக் கலங்கலாகவா கொடுப்பாள் ரத்தினம்மா? வெள்ளைத் துணியில் வடித்து, ஆறவைத்து, போத்தலில் ஊற்றினாள்.

பேராதனை ஆய்வுகூடத்தில் இரண்டு மணி நேரம் நின்றாள். அங்கே போத்தலை வாங்கிக்கொண்ட ஆய்வுகூடத்துப் பஹ்மி நல்ல பிள்ளை. குழி எங்கே, பாறை எங்கே என்று அக்கறையாக விசாரித்தான்.

"மண் தடிப்பா இருந்தா வடிகட்டிப்போடும். வெறும் பாறை வெடிப்பெண்டா மழையோட எல்லாம் கீழ எறங்கும். உள்ளுக்கு வெயிலும் படாது, கிருமிக்குச் சாப்பாடும் கெடைக்கும்" என்றான். "இது பீலியில புடிச்சதுதானே?"

"ஆமாங்கய்யா. என் கையாலயே புடிச்சேன்."

எட்டாம் நாள் காலைப் பெரட்டில், ஆள் எண்ணி முடித்த பிறகு, கிளாக்கர் கடுதாசியை வாசித்தார். கிருமி இல்லை, குடிக்க உகந்தது. சீதா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். ரத்தினம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனாள்.

"ஐயா, அது கொதிக்க வச்ச தண்ணிங்க. நான்தான் கொதிக்க வச்சேன்."

கிளாக்கர் தொரையைப் பார்த்தார். தொரை கடிகாரத்தைப் பார்த்தார். முத்திரை குத்தி வந்ததை மாற்ற முடியாது, அடுத்த சோதனை ஒரு வருஷம் கழித்துத்தான் என்றார்கள். கடுதாசியைப் பீலிக்கு மேலே ஒட்ட ஓர் ஆளையும் அனுப்பினார்கள்.

சாயங்காலம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு அவள் வந்தபோது பீலியில் ஒரே கூட்டம். பக்கத்துக் காம்பரா வடிவம்மா, இடுப்பிலிருந்த குழந்தையின் வாயருகே டம்ளரைப் பிடித்திருந்தாள். கொடுக்காதே என்று ரத்தினம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"காயிதத்துலயே போட்டுட்டாங்களே அக்கா" என்று வடிவம்மா கையை விடுவித்துக்கொண்டாள். "இனிமே வெறகுக்கு அலைய வேணாம்."

குழந்தை இரண்டு கைகளாலும் டம்ளரைப் பற்றிக் கடகடவென்று குடித்தது. குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று நீட்டியது.