முதல் முழுக்கு

தலையைத் துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வந்த யுவராணியிடம் போனை நீட்டினாள் அவள் அம்மா தீர்த்தம்மாள். "உங்க மேனேஜரு பண்ணாரு. ஊருக்குக் காப்புக் கட்டிட்டாங்க, எம் பொண்ணு வராதுன்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு சொன்ன?"

"யாரைக் கேக்கணும்? பெத்தவ நானு."

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லையைத் தாண்டி இராத் தங்கக்கூடாது. அந்த ஊரின் கட்டு அது. காப்பு அடுத்த வாரம்தான் என்று அம்மா சொன்னதை நம்பித்தான் யுவராணி இரண்டு நாள் லீவில் வந்தாள். பாப்பாரப்பட்டியில் பஸ் மாறி ஊருக்குள் கால் வைத்தபோதே காப்புக் கட்டிய பம்பை மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லித்தான கூப்ட?"

"சொல்லலன்னா வந்திருப்பியா? நேரா தண்ணிக்குள்ள போயிருப்ப."

கடல் இல்லாத மாவட்டத்தில் பிறந்து, கப்பல் கட்டும் தளத்தில் நீர்மூழ்கியின் வெல்டிங்கைச் சோதிக்கிற வேலைக்குப் போனவள் அவள். வருடக்கணக்காகக் கட்டிய டீசல் நீர்மூழ்கியை இந்த வாரம்தான் முதன்முதலாக முழு ஆழத்துக்கு இறக்குகிறார்கள். கடற்படைக்காரர்களோடு கட்டியவர்களும் உள்ளே இருப்பது அந்தத் தளத்தின் எழுதாத வழக்கம். வெல்டு வைத்தவன், அதைச் சரி என்று பாஸ் போட்டவள், எல்லாரும். ஆழம் கூடக்கூடக் கடல் சுற்றி நின்று நெரிக்கும். உள்ளே குறுக்கே விறைப்பாகக் கட்டிய கயிறு தொய்ந்து தொங்குகிற அளவுக்கு இரும்பு உடம்பு ஒடுங்கும். இதையெல்லாம் பெருமை பீற்றிக்கொண்டு அம்மாவிடம் உளறியதும் அவளேதான். யாரை நோவது?

கத்தித் தீர்த்தாள். ஆனால் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்ல முடியாது. 'வராதுன்னு சொல்லிட்டேன்' என்று அம்மா சொன்ன நொடியில், கோபம் வருவதற்கு முன்னால், நெஞ்சில் ஏதோ இளகி இறங்கியது. அப்பாடா. அந்த அப்பாடாதான் அவளை எரித்தது. நீர்மூழ்கியின் பின்பக்க வளையத்தில் ஒரு வெல்டு மூட்டு. முதலில் குறை காட்டியது. தோண்டி எடுத்து, முருகேஷ் மறுபடி வெல்டு வைத்தான். திரும்பத் திரும்பச் சோதித்தாள். கருவி சுத்தம் என்றது. பாஸ் போட்டாள். கருவி சொன்னதை மூளை நம்பியது. வயிறு இன்னும் நம்பவில்லை.

அப்பா மாது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். "நீ போயி, நாளைக்கி ஊர்ல ஒரு ஆடு செத்தாலும் நம்ம வூட்டு முன்னாடிதான் வந்து நிப்பாங்க சாமி."

"நிக்கட்டும். நான் காலேஜ் போனப்பவும்தான் வந்து நின்னாங்க."

அவர் ஈரக்கையைத் துண்டில் துடைத்தார். "நீ பாத்து வுட்ட இரும்புதான? தாங்குமா?"

"தாங்கும்."

"அப்பறம் ஏன் மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?"

தீர்த்தம்மாள் மகளின் ஈரத்தலையைத் தன் முந்தானையால் துடைத்தாள். "அம்மா வுடலன்னு சொல்லிரு கண்ணு. பழி எம் மேலயே இருந்துட்டுப் போவட்டும்."

யுவராணிக்கு அந்த முந்தானைக்குள்ளேயே இருந்துவிடலாம் போலிருந்தது. போன் அடித்தது. மேனேஜர்.

"வரலைன்னாலும் தப்பில்லம்மா. லேடீஸ்க்கு அதுக்குள்ள வசதியும் கெடையாது. ஆனா முருகேஷ் கேட்டுக்கிட்டே இருக்கான். 'என் மூட்டப் பாஸ் போட்ட மேடம் வராங்கல்ல சார்'ங்கறான். அவனுக்கு என்ன சொல்ல?"

முந்தானையை விலக்கினாள்.

"வர்றேன்னு சொல்லுங்க சார். மொரப்பூர்ல ராத்திரி டிரெயின் பிடிச்சிருவேன்."

தீர்த்தம்மாள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "போயிட்டு வர்றேம்மா" என்றதற்குத் திரும்பவே இல்லை. மாது பைக்கை எடுத்தார். அவர்கள் கடக்கக் கடக்கத் தெருவில் பேச்சு நின்று, பின்னால் மறுபடி தொடங்கியது. எல்லையில் குறுக்கே கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்துக்கு இந்தப் பக்கமே அவர் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். மகளைப் பார்க்காமல் தோரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யுவராணி இறங்கினாள். குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

பின்னால் கிக்கரை உதைக்கும் சத்தம். பிடிக்கவில்லை. மறுபடி உதை. பிடித்தது. வண்டி தன்னிடம் வருகிறதா, ஊருக்குள் திரும்புகிறதா என்று பம்பைச் சத்தத்தில் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முதுகில் மேற்கு வெயில். தார் ரோட்டில் அவள் நிழல் அவளுக்கு முன்னால் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.