கனம் பாதியாச்சு

திருவொற்றியூரில் அந்தப் பள்ளிக்கு அறிவியல் பெட்டி கொண்டுவந்தவர்கள் கூடவே கேமராவும் கொண்டுவந்தார்கள். பெட்டியைவிடக் கேமராவுக்குத்தான் காவல் அதிகம். வீடியோ நன்றாக வந்தால் பெட்டி இங்கே, இல்லாவிட்டால் வேறு பள்ளிக்கு என்று வண்டியிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார், படம் எடுக்கும் லட்சுமணன். கிணற்றுக் கயிற்றைக்கூட இழுத்திராத வழவழப்பான கை.

எட்டாம் வகுப்பு சிவந்தியைக் கேமரா முன்னால் நிறுத்தினார்கள். பெட்டிக்குள் இருந்த செய்முறை அட்டையில் போட்டிருந்தபடி இரண்டு கப்பிகளையும் மேல் கம்பியில் மாட்டி, கயிறு கோத்து, மணல் மூட்டையை இழுக்க வேண்டும். இழுத்ததும், "அட, கனம் பாதியாச்சு" என்று வியக்க வேண்டும்.

இழுத்தாள். வியக்கவில்லை.

"ரெண்டையும் மேலயே மாட்டினா இன்னா சார் பிரயோஜனம்? ஒண்ணு மூட்டையோட சேந்து மேல ஏறினாத்தான் கனம் பாதியாவும். எங்க நைனா போட் இஞ்சின அப்டித்தான் தூக்கும்."

அவள் அப்பாவுக்குக் காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின் ஏற்றி இறக்கும் வேலை. பெட்டி தயாரித்த மேதைகளில் ஒருவன் அங்கே அரைமணி நேரம் நின்றிருந்தால் போதும். லட்சுமணன் சிரித்தார். இதே அட்டை நானூறு பள்ளிக்குப் போயிருக்கிறது, நீ புதிதாகக் கண்டுபிடிக்காதே என்றார். தெரியாத பிள்ளை தெரிந்துகொள்வதுதான் வீடியோ, முகத்தைக் கொஞ்சம் அப்பாவியாக வைத்துக்கொள் என்றார்.

சிவந்தி அறிவியல் ஆசிரியை ஜெரினாவைப் பார்த்தாள். அவருக்கும் தெரியும். அவர் தலைமையாசிரியரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, எதுவும் எழுதியிராத கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

பின்னால் நின்ற தீனா முணுமுணுத்தான். "சொல்லித் தொலையேன். பொட்டி நம்மளுக்கு வந்துட்டா நீ சொல்ற மாரி மாட்டிக்கலாம்."

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. மூன்றாவது டேக்கில் வாயைப் பிளந்து வியந்தாள். லட்சுமணன் கைதட்டினார்.

பெட்டி பள்ளிக்கே கிடைத்தது. திறந்தால் சாமான் தொலையும், ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். கப்பிப் பாடம் வந்தபோது ஜெரினா அந்த வீடியோவைத்தான் போட்டார். பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டுமாம்.

திரையில் சிவந்தி வாயைப் பிளந்தாள்.

படப்பிடிப்பன்று பள்ளிக்கு வராத கார்குழலி அவள் பக்கம் சாய்ந்தாள். "மெய்யாலுமே பாதியாச்சா?"

"ஒரு மயிரும் ஆவல" என்றாள் சிவந்தி. "எழுதிக்க."