கை தவறாதவள்

ஆள் குறைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருடமா, அதற்கு அடுத்ததா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. அன்று மழை பெய்ததாகச் சிலர் சொல்கிறார்கள். மழையில் யாரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டமாட்டார்கள். ஆகவே அவர்கள் ஞாபகமும் என்னுடையதைப் போலத்தான். ஆனால் மலாயாவில் ரெங்கத்தை அடுத்த ஒரு தோட்டத்தில் அங்கம்மாவுக்கு நடந்தது நடந்ததுதான்.

ரப்பர் விலை தரைக்கு வந்துவிட்டது. துரை பாதிப் பேரை ஊருக்கு அனுப்ப முடிவு செய்தார். வெட்டுக்காரர்கள் ஆளுக்கொரு நிரை மரம் வெட்டிக் காட்ட வேண்டும். உளி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டால் அது காயம்; அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் திரும்ப வளரும். காயம் போட்டவர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் காசில்லாமல் கப்பல். போடாதவர்களுக்கு வேலை; அவர்களுக்குக் கப்பல் கிடையாது. வேண்டுமென்றே மரத்தைக் குத்துகிறவர்களுக்குக் குளுவாங் லாக்கப்.

அங்கம்மாவின் புருஷன் வீரமுத்து முதல் நாளே தோற்றான். வளர்ந்த ஆளாகக் கப்பலேறி வந்து உளி பிடித்தவன். அவன் வெட்டிய மரங்களைப் பார்த்துக் கங்காணி சின்னத்தம்பி, "மரத்துக்குச் சவரம் பண்ணச் சொன்னா கழுத்தையே அறுத்திருக்கியேடா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அவன் மனைவியிடம் சொன்னான்: "நாளைக்கு நீயும் கொஞ்சம் கைய விட்டுரு புள்ள. கை தவறின மாதிரி இருக்கட்டும். பையனத் தூக்கிக்கிட்டு மூணு பேரும் போயிரலாம்."

"சரி" என்றாள் அவள். அவளுக்கு வேறு யோசனையே இல்லை.

மூலையில் படுத்திருந்த அவள் அப்பன் ஐயாசாமி சிரித்தான். "அவ கைய உங்க கை மாதிரின்னு நெனச்சீங்களா மாப்ள?"

அந்தக் கையை உண்டாக்கியவன் அவன். பால்பல் விழாத வயதில் அவளிடம் உளியைக் கொடுத்து வாழைத்தண்டில் கோடு இழுக்க வைத்தான். தண்டில் நீர் கசிந்தால் அன்று சோறில்லை. இடது கையும் பழக வேண்டும் என்று வலது கையை முதுகோடு கட்டினான். தண்ணீர் தூக்கினால், விறகு பிளந்தால் கை கெட்டுவிடும் என்று எதையும் தொடவிடவில்லை. அவளுக்கு உலை வைக்கத் தெரியாது. பிள்ளை பிறந்த பிறகும், "தூக்காதே, மணிக்கட்டு போயிரும்" என்றான். குழந்தை வேலுவை வளர்த்ததெல்லாம் பக்கத்து அறை வெள்ளையம்மாவும் வீரமுத்துவும்தான்.

மறுநாள் விடிந்ததும் அங்கம்மா நிரையில் நின்றாள். பின்னால் சின்னத்தம்பி.

முதல் மரத்தில் உளியை வைத்து அழுத்தினாள். பட்டை சுருளாக விழுந்தது. பால் கோடு பிடித்துக் கீழே கட்டிய மங்குக் கிண்ணத்துக்கு ஓடியது. காயமில்லை. அடுத்த மரத்தில் இன்னும் அழுத்தினாள். மரத்தைத் தொட மயிரிழை இருக்கும்போது கை தானாக நின்றது. இடது கைக்கு மாற்றினாள். அதுவும் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். திறந்து பார்த்தால், முன்னதைவிட அழகாக இருந்தது.

"இப்பிடி ஒரு வெட்ட நான் பார்த்ததில்ல அங்கம்மா" என்றார் கங்காணி.

தன் தோளில் முளைத்த கை தன்னுடையதில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கடைசி மரத்துக்கு வந்ததும் உளியை முஷ்டியில் பிடித்து ஓங்கிக் குத்தினாள். லாக்கப்பானாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

சின்னத்தம்பி அந்தக் குத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து களிமண் எடுத்து அதை அப்பி மூடினார்.

"இது கை தவறினது இல்ல. கோவத்துல குத்தினது. உன் அப்பன் மூஞ்சிக்காக விடுறேன். தொரை உன்ன மாதிரி கைய லாக்கப்புக்கு அனுப்ப மாட்டாரு. போ."

ஆள் கூட்டும் பெரட்டில் வேலைக்கு நிற்பவர்களை வாசித்தபோது முதல் பெயர் அவளுடையது. ஐயாசாமி கூட்டத்தைப் பார்த்து, "சின்னதுல நான் அடிச்ச அடி இன்னிக்குச் சோறு போடுது பாத்தீங்களா" என்றான். யாரும் மறுக்கவில்லை. அவன் சொன்னது உண்மை.

வீரமுத்து அறையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"முயற்சி பண்ணேங்க. கை கேக்கல."

"எனக்கு மரத்துக்கு மரம் காயமாவுது. உனக்கு ஒண்ணுகூட ஆவலியா?"

"கடைசி மரத்துல குத்தினேன். கங்காணி மண்ணப் பூசிட்டாரு."

"கதை நல்லா சொல்ற. அப்பனும் மகளும் தோட்டத்து ரூமக் காப்பாத்திக்கிட்டீங்க. அலமாக்!" என்று மலாய்க்காரன் மாதிரித் தலையிலடித்துக்கொண்டான். "எனக்கில்ல புத்தி வேணும்."

"வேலுவ விட்டுட்டுப் போங்க."

"எதுக்கு? அவனுக்குச் சோறூட்டத் தெரியுமா உனக்கு?"

அவள் வேலுவின் சட்டையை எடுத்து மூட்டையில் வைத்தாள்.

லாரி வந்தபோது பையனை வாங்கக் கை நீட்டினாள். ரப்பர் பால் வாடைக்கு அவன் முகத்தைச் சுளித்து அப்பன் தோளில் புதைந்துகொண்டான். லாரி போகும்வரை அவன் அழவேயில்லை.

வீரமுத்து ஊரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். வேலு கரையிறங்கிய முதல் கோடையில் வாந்திபேதியில் செத்தான். அந்தச் செய்தி தோட்டத்துக்கு வர வெகுநாளாயிற்று. சின்னத்தம்பி மூவாரில் கடை வைத்தார். ஐயாசாமி கடைசிவரை மகள் சம்பாத்தியத்தில் சாப்பிட்டு, அந்த அறையிலேயே தூக்கத்தில் செத்தான். அங்கம்மா பால் வெட்டினாள். அந்தத் தோட்டத்தில் அவளைவிடச் சுத்தமாக வெட்டியவர் யாருமில்லை.