பட்டி காய்வதற்குள்

"இந்தப் பதம் போதுமா, இன்னும் பிசையணுமா?" என்று சரோஜா கேட்டாள். சாக்பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் அவள் கையில் பூரிமாவுபோலத் திரண்டு வந்திருந்தன. ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிப் பூசுவதற்கான பட்டி அது.

பச்சையப்பன் பதில் சொல்லவில்லை. "நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா கீது" என்று சொல்லி, நாற்காலியில் போய் உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தலை சுவரில் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள்.

"ஏங்க."

எழுந்து போய்த் தோளைத் தொட்டாள். மூக்கருகே விரல் வைத்தாள். ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் விட்டாள். அது அப்படியே கடைவாய் வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அப்பா போனபோதும் அவள்தான் பக்கத்தில் இருந்தாள். அதனால் உயிர் போய்விட்டதென்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. மணி பத்தேகால்.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை. கதவைக் கழற்றியிருந்த ஜன்னல் கம்பிகளுக்குள் புகுந்து நாலைந்து தும்பிகள் கூடத்தில் பறந்துகொண்டிருந்தன. வெயில் தரையில் தண்ணீர்போலத் தேங்கிக் கிடந்தது. எப்போதும் லாரிகள் உறுமும் பெங்களூர் ரோடு எங்கோ தூரத்துக்குப் போய்விட்டதுபோல் இருந்தது. கண்ணாடியை உடைத்ததும் அந்த ரோடுதான். ஜல்லி லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்து வந்து ஒரு மாதமாகிறது. அன்றிலிருந்து காலண்டர் அட்டையை வைத்து மறைத்திருந்தார்கள்.

பச்சையப்பன் கம்பெனியில் ஃபிட்டர். மூன்று ஷிப்டு, ஞாயிறானால் ஓ.டி. இன்றைக்குத்தான் ஓ.டி. வேண்டாமென்று நின்றார். நேற்றுக் காஞ்சிபுரத்தில் அளவு சொல்லிக் கண்ணாடியை அறுத்து வாங்கி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். "சுங்குவார்சத்திரம் வர்ற வரைக்கும் மூச்சு வுடலடி. கொழந்தய வச்சிகினு வர்ற மாதிரி" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவரைப் பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல், அவள் பார்த்ததே குறைவு. காதோரம் இவ்வளவு நரைத்திருக்கிறதா? ஒரு குரல் கொடுத்தால் போதும், தெருவே வந்துவிடும். மணிமங்கலத்திலிருந்து அவருடைய அண்ணன் வருவார். அதற்குப்பிறகு இவர் எல்லாருக்கும் சொந்தம். எங்கே கிடத்துவது, யார் கொள்ளி வைப்பது, எல்லாவற்றையும் அவர்கள் பேசிக்கொள்வார்கள். அவளை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அவருடைய சட்டையை முந்தானையால் துடைத்துவிட்டு, சரோஜா தரையில் உட்கார்ந்தாள்.

ஜன்னல் கதவு பழைய பாயின் மேல் கிடந்தது. கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து மூன்று பக்கம் சின்ன ஆணி அடித்திருந்தார். நாலாவது பக்கம் மிச்சம். சுத்தியலைப் படுக்கைவாட்டில் வைத்து, கண்ணாடி மேலேயே வழுக்கவிட்டு அடிப்பார். அவளும் அப்படியே தட்டினாள். முதல் ஆணி வளைந்தது.

"சிரிக்காதீங்க" என்றாள்.

இரண்டாவது இறங்கியது. பட்டியைத் திரித்து ஓரம் முழுக்க வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனாள். நடுநடுவே அவரோடு பேசினாள். அரிசி தீர்ந்துபோனதைச் சொன்னாள். நேற்று மடியில் கண்ணாடியோடு வந்தபோது அவர் பாதியில் நிறுத்திய பேச்சுக்கு, "நான் ஒண்ணும் வருத்தப்படல" என்று பதில் சொன்னாள். கத்தியை எண்ணெயில் நனைத்து, சரிவாக ஒரே இழுப்பில் இழுத்தாள். கோடு நேராக வந்தது. தும்பி ஒன்று அவர் முழங்காலில் உட்கார்ந்து எழுந்தது.

கதவைத் தூக்கிக் கீலில் பொருத்தி முடித்தபோது மணி பதினொன்றேகால். பிறகு நாற்காலியின் அருகே வந்து, அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் சத்தம் வந்தது.

முதலில் ஓடி வந்தவள் அடுத்த வீட்டு மீனம்மாள். பச்சையப்பனின் பாதத்தைத் தொட்டவள், அது சில்லிட்டிருக்க, கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"எப்ப சரோஜா?"

"இப்பத்தான்."

மீனம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். செத்தவரின் சுத்தமான கைகளைப் பார்த்தாள். சரோஜாவின் நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக அப்பியிருந்தது. அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், தவிட்டைப் போட்டுத் தேய்த்து, விரல் விரலாகக் கழுவிவிட்டாள்.

மணிமங்கலத்திலிருந்து அண்ணன் அண்ணாதுரை வந்தபோது ஒரு மணிக்கு மேலாகிவிட்டது. தம்பியின் முகத்தைத் தடவினார். தாடையில் கை நின்றது.

"பதினொண்ணேகாலுக்குத்தான் உசுரு போச்சுன்றீங்க. இதுக்குள்ள இன்னா இப்பிடி வெறச்சிகீது? இன்னாம்மா, கூடத்தான இருந்த? முன்னாடியே யாரையாச்சும் கூப்ட்டிருந்தா ஆஸ்பத்திரிக்காவது தூக்கினு போயிருக்கலாமில்ல?"

எல்லாருடைய கண்ணும் சரோஜா மேல் வந்து நின்றது. அவள் தரையைப் பார்த்தாள்.

"நான் பாத்தேங்கண்ணா" என்றாள் மீனம்மாள். "பதினோரு மணி இருக்கும். துணி காயப்போட வெளிய வந்தேன். பச்சையப்பன் அண்ணன்தான் ஜன்னலாண்ட நின்னுகினு கண்ணாடி மாட்டிகினு இருந்தாரு. என்னப் பாத்துச் சிரிச்சாரு."

அண்ணாதுரை எழுந்து ஜன்னலிடம் போனார். சரோஜா விரல்களை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள். அவர் பட்டியின் ஓரத்தில் ஒற்றை விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை மெல்ல ஓட்டினார். ஈரம் விரலில் ஒட்டியது.

"நூல் புடிச்ச மாதிரி கீது பாரு" என்றார் யாரிடமோ. "எந்தம்பி வேலன்னா வேலதான்."

அந்த இடத்திலேயே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் உடைந்து அழுதார். மீனம்மாளின் கை சரோஜாவின் முதுகில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நாலரை மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். மேளச் சத்தம் ரோட்டைத் தாண்டி, ஏரிக்கரை இறங்கி, மெலிந்துகொண்டே போனது. ஈரத் தார்ரோட்டில் சாமந்தி இதழ்கள் நெடுகச் சிதறிக் கிடந்தன. யாரோ வளர்க்கும் ஆடு ஒன்று, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றபடி, ஊர்வலம் போன திசையிலேயே மெதுவாக நடந்துகொண்டிருந்தது.