சத்தம் போடாத தரை

நான் சமையலறை பொருத்துகிறவன். பதினாறு வருடத்தில் இருநூறு சமையலறைக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பு எங்கே வர வேண்டும், சிங்க் எங்கே, உப்பு ஜாடி எந்தக் கைக்கு எட்ட வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கார் ஷெட் ஒன்று என்னை ஒன்றரை மாதம் மண்டை காய வைத்த கதையைச் சொல்லப் போகிறேன், அதற்கு முன்னால் கொஞ்சம் பெருமையை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையில் மண்டை காய வைத்தது ஷெட் இல்லை, அக்கா.

அக்கா கார் மெக்கானிக். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் பதினெட்டு வருடம் இருந்தாள். மாடியில் அவள், கீழே நானும் என் மனைவியும். எனக்கு நாற்பத்து நான்கு வயதாகும்வரை அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மாடிப்படிக்கு மேல் தூரம் இருந்ததில்லை. எஞ்சினுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் தெரியாத இடுக்கில் கையை விட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டே நட்டை மாட்டுவாள். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். அவளுக்கு விரலில் கண் இருக்கிறது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். என்னிடம், பஸ்ஸில் போய்வர அலுத்துவிட்டது என்றாள். என் மனைவியிடம், புது மேனேஜர் சரியில்லை என்றாள். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம், சொந்தமாகத் தொழில் செய்ய ஆசை வந்துவிட்டது என்றாள். மூன்று பேரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அடுத்த வாரம் அவளே கீழே இறங்கி வந்தாள்.

"ஷெட்டை ஒர்க்‌ஷாப்பா மாத்திக் குடுடா. மூணு மாசம் பாக்கறேன். என்னால முடியலைன்னா வேற ஊருக்குப் போயிடறேன். அங்க ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கவுன்டர்ல நிக்க ஆள் கேக்கறாங்க."

கவுன்டருக்குப் பின்னால் நின்று பெட்டியை எடுத்துக் கொடுக்கும் அக்காவை நினைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. இந்த ஷெட்டை ஒழுங்காக அமைத்துக் கொடுத்தால் அக்கா மாடியிலேயே இருப்பாள், இல்லையென்றால் போய்விடுவாள். என் கணக்கு அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு ஃபாரம் உண்டு. புதிதாகச் சமையலறை கேட்டு வருகிறவர்களிடம் பத்துக் கேள்வி கேட்டு நிரப்புவேன். மற்றவர்கள் முதலில் என்ன கலர் என்று கேட்பார்கள், நான் அப்படி இல்லை. என் முதல் கேள்வி, சமைக்கிறவர்களுக்குக் கையில் காலில் ஏதாவது தொந்தரவு உண்டா என்பது. முட்டி மடங்காதவருக்குக் கீழே அலமாரி வைத்துக் கொடுத்துவிட்டு அழகாக இருக்கிறது என்று பல்லைக் காட்டுவதில் அர்த்தமில்லை. இந்தக் கேள்வியை நானேதான் யோசித்துச் சேர்த்தேன். அக்காவிடம் அந்த ஃபாரத்தை எடுக்கவில்லை. கூடப் பிறந்தவளிடம் என்ன ஃபாரம் வேண்டியிருக்கிறது?

நேராக வரைபடம் போட்டேன். நடுவில் கார், சுற்றிலும் மூன்றடி நடைபாதை. கோடிச் சுவரையொட்டி இடுப்பு உயரத்துக்குக் கனமான மேசை. சுவரில் பலகை, ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தை வரைந்து ஆணி. எது இல்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். காற்று அடைக்கிற கம்ப்ரெசர் வெளிமூலையில். தரைக்கு எண்ணெய் ஒட்டாத பெயின்ட். நானே அதைப் பார்த்து இரண்டு நாள் பூரித்துப்போயிருந்தேன்.

"நல்லாத்தான்டா இருக்கு," என்றாள் அக்கா. பிறகு பென்சிலை வாங்கி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள்.

ஆணி வேண்டாம், பலகையே வேண்டாம். அகலமான தட்டுகள் வேண்டும், அடியில் காந்தம் வைத்தது, வண்டியைச் சுற்றி நான்கு. கம்ப்ரெசர் வேண்டாம். பெயின்ட் வேண்டாம், தரை முழுக்கக் கனமான ரப்பர் விரிப்பு போடு. விளக்கு ஒன்றல்ல, ஆறு, எங்கே வேண்டுமானாலும் இழுத்துத் திருப்புகிற மாதிரி. கம்பு முனையில் பொருத்திய சின்னக் கண்ணாடிகள் ஐந்தாறு. வாசலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்பு. அப்புறம் ஒரு சிங்க்.

சிங்க் என்றதும் எனக்கு உயிர் வந்தது. அதில் வெந்நீர் வர வேண்டும், எந்நேரமும் வர வேண்டும் என்றதும் வந்த உயிர் மறுபடி போய்விட்டது. கிரீஸ் கையைக் கழுவ சோப்புத்தூள் போதுமே என்றேன். வெந்நீர் இல்லாவிட்டால் ஷெட்டே வேண்டாம் என்றாள்.

ரப்பர் விஷயத்தில் மூன்று நாள் மல்லுக்கட்டினோம். எண்ணெய் பட்டால் வழுக்கும், ஊறும், நாறும் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ரப்பர்தான் என்றாள். காரணம் கேட்டால், கால் வலிக்காது என்றாள். பதினெட்டு வருடம் சிமென்ட் தரையில் நின்றவளுக்குத் திடீரென்று எங்கிருந்து கால் வலி? சரி என்று ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் சதுரத் துண்டுகளாக வாங்கி வந்து சுவர்முதல் சுவர்வரை போட்டேன். மேலே நடந்தால் என் காலடியே எனக்குக் கேட்கவில்லை.

கண்ணாடியும் விளக்கும் அதைவிடப் பெரிய குழப்பம். கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு ஆறு விளக்கு எதற்கு? ஒருநாள் பார்த்தால், தன்னுடைய எல்லா ஸ்பானர்களின் பிடியிலும் துணி நாடாவைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றையும் தடிமனாக்கிக்கொண்டிருக்கிறாள். இது என்ன கோலம் என்றேன். சும்மா பொழுது போகலை என்றாள். பொழுது போகாதவள் முகமாகவா இருந்தது அது!

என் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். அக்காவுக்கு இந்த ஷெட்டில் இஷ்டமே இல்லை, வெளியூர் போக மனதுக்குள் தீர்மானித்துவிட்டாள், என் மனம் நோகக்கூடாது என்று நாளைக் கடத்துகிறாள், அவ்வளவுதான் என்றாள். எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது. போகிறவள் போக வேண்டியதுதானே, எதற்கு என்னை வெந்நீர்க் குழாய் இழுக்க வைக்கிறாள்?

அந்தக் கோபத்திலும், விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவளைப் பிடித்து நிறுத்த ஒரு காரியம் செய்தேன். அவளிடம் சொல்லாமல் ஒரு சின்னக் கம்ப்ரெசரும், சக்கர நட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கழற்றுகிற ஏர் கன்னும் வாங்கி வந்தேன். இருப்பதிலேயே நல்லது. சர்வீஸ் சென்டரில் நாள் முழுக்க அவள் கையில் இருந்தது அதுதான். மேசைமேல் வைத்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லி அழைத்து வந்து, இப்போது திறந்து பார் என்றேன்.

பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. "இதைத் திருப்பிக் குடுத்துடுடா," என்றாள். பெட்டியைத் தொடக்கூட இல்லை.

எனக்கு மூக்கில் குத்தியது போலிருந்தது. பெட்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. நடுவில் என் மனைவி மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதல் வண்டி வந்தது. மருந்துக்கடைக்காரருடையது. ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர். அவரும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனார். மோட்டாரைக் கழற்றிச் சரிபார்த்து மறுபடி மாட்ட வேண்டும். அக்காவுக்கு அது ஒன்றரை மணி நேர வேலை. பத்து மணிக்கு ஆரம்பித்தாள்.

என் மரவேலை மேசை ஷெட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம்தான். மதியம் வரை அங்கே உட்கார்ந்து ஒரு அலமாரிக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், காது மட்டும் சுவரில். அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. வேலை நடக்கிறதா, அவள் அங்கே இருக்கிறாளா என்றே தெரியவில்லை. இரண்டு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல், ஷெட் மேசையின் டிராயருக்கு ஒரு கைப்பிடி பாக்கியிருந்ததைச் சாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்குப் போகும் கதவைத் திறந்தேன்.

அக்கா எனக்கு முதுகைக் காட்டி, பானெட்டுக்குள் குனிந்திருந்தாள். ஆறு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. இடது கையில் கண்ணாடிக் கம்பு. வலது கை மோட்டாருக்குப் பின்னால். ஒரு நட்டு அவள் விரலிலிருந்து நழுவி, இடுக்கு வழியாகத் தரையில் விழுந்தது. சத்தமே இல்லை. அவள் குனிந்து, கண்ணால் தேடி, அதைக் கட்டைவிரல் பக்கத்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அள்ளுவது போல் எடுத்தாள். மறுபடி உள்ளே விட்டாள். மறுபடி விழுந்தது.

கவனக்குறைவு என்று நினைத்தேன். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது முறை நட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். பழைய வழக்கத்தில் முகம் தானாகக் கூரைப் பக்கம் திரும்பியது, பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல் கீழே இறங்கிக் கண்ணாடிக்கு வந்தது. நட்டு விழுந்தது. அவள் சிங்குக்குப் போய் வெந்நீரைத் திறந்து கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். விரல்கள் சாக்பீஸ் போல வெளுத்திருந்தன.

இதுநாள் வரை புரியாமல் கிடந்த ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் புரிந்தது. காந்தத் தட்டு, நாடா சுற்றிய பிடி, விளக்கு, கண்ணாடி, தடுப்பு. நட்டு விழுகிற சத்தம் யாருக்கும் கேட்கக்கூடாது என்று போட்ட விரிப்பு. எனக்குக் கேட்கக்கூடாது என்று, என் கையாலேயே போட வைத்த விரிப்பு.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

அவள் திடுக்கிடவில்லை. தண்ணீரை நிறுத்தவும் இல்லை. "போன வருஷத்துலேர்ந்து. முதல்ல சுண்டு விரல்தான் மரத்துச்சு. இப்ப நாலும். ஏர் கன் புடிச்சுப் புடிச்சு, அந்த அதிர்வுல வந்ததாம். அதை இனிமே தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"விரல்ல கண்ணு இருக்குன்னு சொன்னவங்ககிட்டப் போய், கண்ணு போயிடுச்சுன்னு எப்படிடா சொல்றது?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம் அவள்மேல் இல்லை. முன்பின் தெரியாத இருநூறு பேரிடம் முதல் கேள்வியாகக் கேட்டதை, ஒரு படிக்கட்டுத் தூரத்தில் இருப்பவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. கேட்கவில்லை என்பதுதான் நிஜம்.

என் மரவேலை மேசைக்கு ஓடிப்போய் ஒரு ஃபாரத்தை எடுத்துவந்து, காரின் மேலேயே வைத்து, பென்சிலைக் காதிலிருந்து எடுத்தேன். கையில் காலில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று வாசித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். உனக்குப் பைத்தியமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினாள். ஒவ்வொரு விரலாகச் சொன்னாள், எது எவ்வளவு தூரம் மரத்துப்போயிருக்கிறது, எது வெந்நீரில் எவ்வளவு நேரத்தில் திரும்பி வரும் என்று. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துச் சுற்றிப் பார்த்தால், ஷெட்டில் மாற்ற வேண்டியது எதுவுமே இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அவள்தான் எல்லாவற்றையும் ஏற்கெனவே சரியாகக் கேட்டிருந்தாளே.

ஒன்றே ஒன்றைத் தவிர.

குனிந்து, எஞ்சினுக்கு அடியிலும் முன்னாலும் பக்கச் சுவர்வரையிலும் இருந்த ரப்பர்த் துண்டுகளைப் பிடித்து இழுத்தேன். ஒவ்வொன்றாகப் பூட்டு விட்டு வந்தது. சக்கரத்துக்குக் கீழே இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

"வேணாம்டா. விழுந்தா சத்தம் கேக்கும்."

"கேக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் நான்தானே உக்காந்திருக்கேன். எனக்குக் கேக்கணும்."

அவள் வெறும் சிமென்ட் தரையைப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து இன்னொரு நட்டை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். மணி மூன்றாகப் போகிறது.

டிங்கென்று விழுந்து, எகிறி, எங்கேயோ உருண்டு ஓடியது. அக்கா திரும்பவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலத்தைப் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு காது கொடுத்தாள்.

"வலது சக்கரத்துக்குப் பின்னாடி," என்றாள். "சுவரோரமா."

நான் மண்டியிட்டுக் கையை விட்டேன். அங்கேதான் இருந்தது.